நாப்கின் மூலையில் செண்பகப் பூ

எங்கள் விடுதியில் இப்போது காகித நாப்கின் வந்துவிட்டது. ஒரு தரம் வாயைத் துடைத்துக் கசக்கிப் போட்டுவிடலாம். துவைக்க வேண்டாம், கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். நான் வேலையில் இருந்த காலத்திலேயே இது வந்திருந்தால் என் முதுகு இன்னும் நேராக இருந்திருக்கும். ஆகவே ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் புதிதாக வந்ததைத் திட்டுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை.

எடுக்க வைத்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். பழைய அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் துணி நாப்கின் ஒன்று கிடைத்ததாம். அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு காஜா பேராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அம்மா, மூலையில இந்த மஞ்சப் பூ இருக்குல்ல, இது இங்கிலாந்துல யாரோ ஒரு பிரபு வீட்டு முத்திரையாம். மேனேஜர் சொன்னாரு. அப்படியா?"

நாப்கினை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூவுக்கு ஆறு இதழ் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கையிலிருந்த காப்பி சேலையில் கொட்டியது. அந்தப் பூவுக்கும் எந்தப் பிரபுவுக்கும் சம்பந்தம் இல்லை. அதன் அடியில் இருப்பது நான் செய்த முட்டாள்தனம். ஆறாவது இதழ் பெரைரா மிஸ்ஸி செய்தது. விடுதித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இதையே எழுதித் தாருங்கள் என்று அந்தப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். மேனேஜர் மன்னிக்கட்டும்.

நான் பிறந்தது இதே மலாக்காவில்தான். தையல் படித்தது ஒரு சீனத் தையல்காரரின் மனைவியிடம். மூன்று வருடம் பொத்தான் வைத்தேன், அடுத்த இரண்டு வருடம் காற்சட்டைக்குக் கரை மடித்தேன். ஊசி குத்தாத விரல் ஒன்றும் மிச்சமில்லை என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமானது. என் வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு ரோட்டு வேலை. சரளைக்கல் கொட்டித் தார் ஊற்றும் கூட்டத்தில் அவர் ஒருவர்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், டவுனில் ரோட்டு வேலையையும் நிறுத்தினார்கள். வேலை இல்லாத தமிழர்களை வெள்ளைக்கார அரசாங்கம் இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்போது நான் பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்து நிற்கும் இதே விடுதியில், அன்று அது வெள்ளைக்காரர்களுடையது, தினக்கூலிக்குக் கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"பேரு குடுத்துட்டேன் சிவகாமி. மாசக் கடைசியில கப்பல்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"இங்க என்னா இருக்கு நமக்கு?"

"நான் இருக்கேன். என் வேல இருக்கு."

"தினக்கூலி ஒரு வேலையா? நாளைக்கு வராதன்னு சொன்னா முடிஞ்சிச்சு. ஊருக்குப் போனா அண்ணன் இருக்காரு, காணி இருக்கு."

ஊர் என்றால் அவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். எனக்கு அது அவர் வாயால் கேட்ட கதை மட்டும்தான். அந்தக் காணியில் பாதியை அண்ணன் விற்றுவிட்டதும் அதே வாயால் கேட்டதுதான். இரண்டு நாள் சண்டை போட்டு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மாதக் கடைசிக்குள் விடுதியில் என் வேலை நிரந்தரமானால் பெயரை அடித்துவிடுவார். ஆகாவிட்டால் நான் வாயைத் திறக்காமல் கப்பல் ஏற வேண்டும். அவர் மறுநாளே பெட்டியில் சாமான்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். என் திறமைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி பெரைரா மிஸ்ஸி. விடுதியின் துணிமணி, பாத்திரம், படுக்கை எல்லாம் அவர் பொறுப்பு. மலாக்காவில் காலங்காலமாக இருக்கும் போர்ச்சுகீசிய வம்சம். கணவர் இல்லை. வெள்ளைக் கவுன் போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தும் ஓரடி நீள மர அடிக்கோலும் சொருகியிருப்பார். துரைமாரிடம் இங்கிலீஷ், வீட்டில் அவர்கள் பாஷை, பாசாரில் மலாய் என்று எல்லாவற்றையும் சுத்தமாகப் பேசியவர், தமிழை மட்டும் எங்களைப் போன்ற வேலைக்காரர்களிடமிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டார். பொறுக்கிய இடத்தில் மரியாதை கிடைக்கவில்லை போலும். துரையானாலும் தோட்டக்காரனானாலும் அவர் தமிழில் எல்லோரும் 'அது'தான்.

ஆனால் வேலை என்று வந்தால் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் அடிக்கோலை வைத்து நான்கு பக்கமும் அளப்பார். பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். குறை இருந்தால், "லாகி செகாலி" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். குறை இல்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். துணியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். நன்றாக இருக்கிறது என்ற சொல் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. மடிக்குப் போனால் தப்பித்தோம்.

அந்த மாதம் பெரிய துரை ஒருவர் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பினார். அவருக்கு எங்கள் விடுதியில் பிரிவு விருந்து, நாற்பத்தெட்டு பேருக்கு. இருந்த லினன் நாப்கின்கள் சல்லடையாகிவிட்டன. சிங்கப்பூரிலிருந்து புதிதாக வாங்கலாம் என்றால் மேனேஜர் துரை விலையைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மிஸ்ஸி, வீட்டிலேயே தைக்கலாம், கால் பங்கு செலவில் முடியும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், நன்றாக வந்தால் தையல் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், நன்றாக வராவிட்டால் தையல் அறையையே மூடிவிட்டு வெளியே கொடுக்கலாம் என்று சொன்னாராம்.

"சிவகாமி, துரை கேக்குது. நாப்பத்தெட்டு. நீ செய்யும்?"

"செய்யும் மிஸ்ஸி," என்றேன். அவரோடு பேசிப் பேசி என் தமிழும் அப்படி ஆகிவிட்டிருந்தது.

துணி வாங்க டவுனில் உதுமான் நானா கடைக்குப் போனேன். மூன்று தலைமுறையாக அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். மங்கலான வெள்ளையில் முரட்டுக் காடாத் துணி பதினாலு கஜம் வேண்டும், விலை குறைவாக வேண்டும் என்றேன். நானாவின் முகம் வாடிவிட்டது. தொப்பியைச் சரி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எப்பம்மா எடுக்கிறாங்க?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காடாத் துணியை இவ்வளவு மொத்தமாக யார் வாங்குவார்கள்? இழவு வீட்டுக்காரர்கள்தான்.

"ஐயோ நானா, யாரும் சாகல. தொரைமாருங்க வாய் தொடைக்க."

"வாய் தொடைக்கவா? பதினாலு கஜத்துலயா? அம்புட்டுப் பெரிய வாயா தங்கச்சி?"

கடைப் பையன்கள் வரைக்கும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் நானா உள்ளே போய், கப்பலில் தண்ணீர் பட்டு ஒரு மடிப்பில் மட்டும் பழுப்புக் கோடு விழுந்த ஒரு கட்டை எடுத்து வந்தார். இழவுக்கு என்று நினைத்து எவ்வளவு குறைக்கலாம் என்று மனதில் வைத்திருந்தாரோ, அதே விலைக்குக் கொடுத்தார். காடாவாக இருந்தாலும் நூல் நெருக்கமான துணி. விரலால் கசக்கிப் பார்த்தேன், மாவு உதிரவில்லை. கஞ்சியை அப்பி கனமாகக் காட்டும் துணி இருக்கிறதே, அது முதல் துவையலிலேயே கொசுவலை ஆகிவிடும்.

இப்போது தைக்கிற பிள்ளைகளுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வாங்கிய அன்றே கத்திரிக்கோலை எடுக்கக் கூடாது. காடா சுருங்கும். சுருங்குவதை உங்களிடம் இருக்கும்போதே சுருங்க வைத்துவிட வேண்டும். வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து, நான்கு நாள் இதே வேலை. மங்கல் போய் ஒரு மாதிரி வெள்ளை வந்தது. பதினாலு கஜம் பதின்மூன்றே காலாகச் சுருங்கியது. பழுப்புக் கோடு விழுந்த ஒரு கஜத்தை வெட்டி எறிந்தால் பன்னிரண்டே கால். ஒரு கஜ அகலத் துணியில் பதினெட்டு அங்குலச் சதுரம் கஜத்துக்கு நான்கு வரும். நாற்பத்தெட்டுக்குப் பன்னிரண்டு கஜம் வேண்டும். மிஞ்சுவது கால் கஜம். அதாவது ஒன்றே ஒன்று கெட்டாலும் மாற்று கிடையாது.

கோடு போட்டு வெட்டினாலும் கோணல் வரும். அதனால் ஓரத்தில் சின்னதாகக் கத்தரித்து, ஒரே ஒரு இழையைப் பிடித்து மெதுவாக உருவினேன். அந்த இழை போன வழி துணியில் கோடாகத் தெரியும். அதன்மேல் கத்தரித்தால் நூல் பிடித்த நேர். இழை நடுவில் அறுந்தால் ஊசி முனையால் தேடி எடுத்து மறுபடி உருவ வேண்டும். பிறகு கால் அங்குலம் மடித்து, அதன்மேல் அரை அங்குலம் மடித்து, மிஷினில் ஓட்டினேன். முதல் ஆறை மிஸ்ஸியிடம் கொண்டுபோனேன். அளந்தார், இழுத்தார், தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"இது என்ன? சுண்டைக்காய்?"

மூலையில் மடிப்புமேல் மடிப்பு விழுந்து முடிச்சாகத் திரண்டிருந்தது.

"தொரை வாயில சுண்டைக்காய் குத்தும். லாகி செகாலி."

ஆறையும் பிரித்தேன். மூலையின் நுனியைச் சாய்வாகக் கத்தரித்து, இரண்டு மடிப்பும் சாய்கோட்டில் சந்திக்கிற மாதிரி வைத்துக் கையால் தைத்தால்தான் மூலை தட்டையாகப் படுக்கும். ஒரு நாப்கினுக்கு நான்கு மூலை. நாற்பத்தெட்டுக்கு எத்தனை மூலை என்று கணக்குப் போட வேண்டாம், போட்டால் கண் வலிக்கும். இரண்டு வாரத்தில் மிஸ்ஸியின் வாயிலிருந்து எத்தனை 'லாகி செகாலி' வந்தது என்றும் நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கப்பலே மேல் என்று போயிருப்பேன்.

விருந்து சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை நாற்பத்தெட்டாவதும் மிஸ்ஸியின் மடிக்குப் போனது. விடுதி இஸ்திரி அறை முழுக்க மேஜை விரிப்புகள் குவிந்து கிடந்ததால், நாப்கின்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு எடுத்து வரச் சொன்னார். கரிப் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேய்த்து அடுக்கினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் தொடைக்க இம்புட்டு வேலையா? அவங்களுக்கு வேட்டி முனை இல்லியா?"

என் மனதெல்லாம் அந்த அடுக்கில் இருந்தது. அதுதான் நாங்கள் இங்கே இருப்பதா போவதா என்பது. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எழுந்து போய் மஞ்சள்தூளைக் குழைத்து எடுத்து வந்தேன். புதுத் துணி வந்தால் மூலையில் மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் யார் உடுத்துகிறோம்? பிறந்ததிலிருந்து பழகிய கை. முதல் நாப்கினின் மூலையில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் தொட்டு வைத்துக் கண்ணை மூடி, பிள்ளையாரே என்னைக் கப்பல் ஏற்றாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒண்ணுக்கு மட்டும் வச்சா எப்படி? வச்சா எல்லாத்துக்கும் வையி. எந்தத் தொரைக்கு எது போவுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் இவர்.

நியாயமாகத்தான் பட்டது. நாற்பத்தெட்டுக்கும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. கூடையை மெழுகுத் துணியில் மூடி, குடை பிடித்துக்கொண்டு விடுதிக்குப் போய் மிஸ்ஸி முன்னால் பெருமையோடு திறந்து வைத்தேன். அவர் முதலாவதை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். நான்காவதை எடுத்து மூலையை முகர்ந்து பார்த்தார்.

"சிவகாமி. யாரு இதுல கறி சாப்பிட்டுச்சு?"

"கறி இல்ல மிஸ்ஸி, மஞ்சள். புதுத் துணி. நல்லதுக்கு வைக்கும்."

"நல்லதுக்கு?"

அந்தக் குரலில்தான் எனக்கு உறைத்தது. துரைசானிகள் உட்கார்ந்து, மடித்த நாப்கினை விரித்தால், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சாம்பார்ப் பொட்டு. மிஸ்ஸி ஒரு நாப்கினை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். சவர்க்காரக் கட்டியை எடுத்து அந்தப் பொட்டின்மேல் தேய்த்தார். மஞ்சள்மேல் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பொட்டு ரத்தச் சிவப்பாக மாறியது.

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் பதறிப்போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு போனது, மஞ்சள் திரும்பி வந்தது. அவர் மறுபடி சவர்க்காரம் போட்டார். மறுபடி சிவப்பு. இப்படி நாங்கள் இரண்டு பேரும் ரயில் சிக்னல் மாதிரி மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, இஸ்திரி அறையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. இஸ்திரி போடும் மீனாச்சி பீபிக். பீபிக் என்பது இங்கே வயதில் மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். சாமி கும்பிடுவது நம்மைப் போல, உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அவர் வீட்டிலும் விசேஷம் என்றால் மஞ்சள் உண்டு, அதனால் விஷயம் உடனே புரிந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வெயில்ல போட்டா ஒரு பகல்ல போயிடும்," என்றேன் நான். மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். கடல் எது வானம் எது என்று தெரியாத மழை.

மிஸ்ஸி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கோபித்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"ஏன் சிவகாமி? ரெண்டு வாரம் எவ்வளவு ஒழுங்கா செஞ்சுது. கடைசி நாள் ஏன்?"

அப்போதுதான் அழுகை வந்தது. கப்பலைப் பற்றி, கட்டி வைத்த பெட்டியைப் பற்றி, மாதக் கடைசியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் பாதி, மலாயில் பாதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எனக்கு இந்த வேலை வேண்டும் மிஸ்ஸி, அதனால்தான் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் வைத்தேன் என்றேன். அவர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது சாமிகிட்ட நீ கேட்டது?"

"ஆமா மிஸ்ஸி."

"நாப்பத்தெட்டு தடவ?"

"ஆமா மிஸ்ஸி."

மீனாச்சி பீபிக்குக்கு நாங்கள் பேசிய தமிழ் பாதிதான் எட்டியிருக்கும். அவர் வந்து நாப்கின் மூலையைக் கையில் எடுத்து, தன் கெபாயாச் சட்டையின் ஓரத்தை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூ வேலை.

"தாரோ பூங்ஙா லா," என்றார். பூவைப் போட்டு மூடிவிடு, இதற்குப் போய் அழுவார்களா என்று மலாயில் அதட்டினார். மஞ்சள் நூலாக இருக்கட்டும், கறை எட்டிப் பார்த்தாலும் தெரியாது. நிஜச் செண்பகத்துக்கு இதழ் அதிகம், தையலில் ஐந்து வைத்தால் போதும்.

மிஸ்ஸி எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை. சவர்க்காரத்தைத் தொடவே கூடாது என்று எனக்குச் சொன்னார், தொட்டது என்னவோ அவர்தான். தன் அறைக்குப் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். தேவாலயத்தின் பீடத் துணிக்குப் பூ வேலை செய்ய வைத்திருந்த பட்டு நூல். அதில் மஞ்சள் கண்டுகளை எல்லாம் எடுத்து மேஜைமேல் போட்டார்.

"மூணு பேர். ஆளுக்குப் பதினாறு. அஞ்சு மணிக்கு முடியணும்."

வெளியே மழை, உள்ளே மூன்று ஊசி. ஒரு பூவுக்கு அரை மணிக்கும் குறைவு. மீனாச்சி பீபிக்கின் பூ, பறித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்னுடையது பரவாயில்லை. மிஸ்ஸி அளப்பதில் சூரப்புலி, பிரிக்கச் சொல்வதில் சூரப்புலி. ஊசி பிடித்துப் பூப் போடுவதில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் பூக்கள் அட்டென்ஷனில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. கறை கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஓர் இதழைக் கூடுதலாகப் போட்டு மூடிவிடுவார். ஆறு இதழ்.

"பீபிக் சொன்னது அஞ்சுதான் மிஸ்ஸி," என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்த பார்வையில், ஆறும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பூ முடிந்தது. ஈர இஸ்திரி, மடிப்பு, மேஜை. இரவு எட்டு மணிக்கு நான் வீட்டுக்குப் போகாமல் பாத்திர அறைக் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய துரையின் துரைசானி உட்கார்ந்தார். நாப்கினை விரித்தார். மூலை கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவர் தன்னுடையதைத் தேடிப் பார்த்தார். மேஜை நெடுக எல்லோரும் மூலையைத் தேட ஆரம்பித்தார்கள். துரைசானி கையைத் தூக்கி மிஸ்ஸியைக் கூப்பிட்டார்.

ஏதோ கேட்டார். மிஸ்ஸி தலை நேராக, இடுப்பில் சொருகிய அடிக்கோலைப் போலவே நிமிர்ந்து நின்று ஏதோ சொன்னார். துரைசானி சிரித்துத் தலையாட்டினார். சூப் வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன மிஸ்ஸி கேட்டாங்க?" என்றேன், அவர் உள்ளே வந்ததும்.

"இது என்ன பூன்னு கேட்டுச்சு. மலாக்காவுல பழைய காலத்து வழக்கம், விருந்தாளிக்கு மரியாதைன்னு சொல்லியாச்சு." பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை, நாளைக்கு ஞாயிறு. பாதர்கிட்ட பாவமன்னிப்பு கேக்கணும்."

திங்கட்கிழமை மேனேஜர் துரை கூப்பிட்டு, இனி விடுதியில் எல்லா நாப்கினுக்கும் இந்தப் பழைய காலத்துப் பூ இருக்க வேண்டும் என்றார். அதற்கு நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். துரை அந்தப் பூவை அன்றைக்கே கண்டுபிடித்ததுபோல், மிஸ்ஸி அந்த ஆளை அன்றைக்கே கண்டுபிடித்ததுபோல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தார். முடிச்சு இறுகி வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல, எல்லாத்துக்கும் வையின்னு."

அந்தப் பெருமையைச் சாகும்வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் ரோட்டு வேலையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தக் கயிறு எங்கள் கொல்லையில் பல வருடம் துணிக்கொடியாகக் கிடந்தது.

அதன் பிறகு நான் தைத்த நாப்கின்களுக்குக் கணக்கில்லை. மஞ்சள் மட்டும் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் மிஸ்ஸி அளந்தார், இழுத்தார், ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், கண் பார்வை மங்கிவிட்டதென்று வேலையை விட்டார். கடைசி நாள் தையல் அறைக்கு வந்து என் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"சிவகாமி, இது உனக்கு. உதுமான் கடையில வாங்குச்சு."

நீலச் சேலை, நல்ல கைத்தறி. பிரித்தேன். சேலையின் நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, கறிச்சட்டி கவிழ்ந்ததுபோல் மஞ்சள். அவரே குழைத்து, அவரே வைத்திருக்கிறார். எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு வைக்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

"புதுத் துணி," என்றார். "நல்லதுக்கு."

நான் அழுதால் அவரும் அழுவார், அது எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. அதனால் அத்தனை வருடமும் நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மிஸ்ஸி. லாகி செகாலி."

அவர் முகம் மாறியது. குனிந்து சேலையைப் பார்த்தார். "தப்பா? எங்க வைக்கணும்?"

"மூலையில மிஸ்ஸி. கொஞ்சமா."

கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்தார். மீதி மஞ்சளை அதில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். நான் முந்தானை மூலையைப் பிடித்துக் காட்ட, கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்து, சுண்டுவிரலால் துவரம்பருப்பு அளவுக்குத் தொட்டு வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சேலையை வாங்கி ஜன்னல் பக்கம் போனேன். அந்த மூலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.